இரண்டு கிளாஸ் நல்லதண்ணீர்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. உலக யுத்தத் தேவைக்காகத் துறைமுகத்தின் உட்கரையில் இருந்த எங்கள் முப்பத்தெட்டு வீடுகளின் நிலமும் எடுக்கப்பட்டது.

2. இறக்கக்கண்டிக்கு அப்பால், கடலுக்கும் உப்பங்கழியான களப்புக்கும் நடுவில் இருந்த ஒரு மணல் திட்டில் எங்களைக் குடியேற்றினார்கள்.

3. அந்தத் திட்டில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் வந்தது.

4. இரண்டாவது வருடம் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து, யுத்தம் முடிந்த பிறகு இந்த ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று எங்களிடமே கேட்டார்.

5. ஊரார் சொன்னதை நான் பட்டியலாக எழுதினேன். முதலாவது, கிணறு.

6. அவர் எங்கள் வீட்டில் இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தார்.

ஆறாவது என்னால் நடந்தது. அப்போது எனக்குப் பத்து வயது.

எங்கள் பக்கத்தில் குடிக்கக்கூடியதை நல்லதண்ணி என்பார்கள். உப்புக் கரிப்பதைச் சவர்த் தண்ணி என்பார்கள். பழைய கரையில் இருந்தவரை இரண்டாவது சொல்லுக்கு எங்கள் வீட்டில் அதிகம் வேலை இருக்கவில்லை. புதிய இடத்தில் நல்லதண்ணி ஒன்றரை மைலுக்கு அப்பால், முஸ்லிம் நானா ஒருவருடைய தென்னந்தோட்டத்தில் இருந்தது. நானா நல்ல மனிதர். ஆனால் முப்பத்தெட்டு வீடும் வந்து அள்ளினால் கிணறு என்ன செய்யும்? வீட்டுக்கு இரண்டு குடம் என்று வைத்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவத் திட்டிலேயே தோண்டிய கிணற்றின் சவர்த் தண்ணி. குடத்தில் தீர்ந்துபோனால் குடிக்கவும் அதுதான். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சிரங்கு.

கரைவலை இழுக்கும் கடலின் பெரும்பகுதி தடை செய்யப்பட்டிருந்தது. அப்பா துறைமுகத்தில் கப்பலில் சாமான் இறக்கும் வேலைக்குப் போய், இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து, ஒரு நாள் முழுவதும் தூங்கிவிட்டுத் திரும்பிப் போவார். ஆகவே தண்ணீர் அம்மாவின் பொறுப்பு. அம்மாவுக்கு அப்போது ஏழாம் மாதம். போகும்போது ஒன்றரை மைல் வெறும் குடத்துடன், வரும்போது ஒன்றரை மைல் நிறை குடத்துடன், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. மணலில் கால் புதையும். வீட்டுக்கு வந்ததும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாராவது பேச்சுக் கொடுத்தால், "பொறுங்கோ" என்று மட்டும் சொல்வார்.

திட்டுக்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில், மேடான அரசாங்கக் காணி ஒன்று இருந்தது. அங்கே தோண்டினால் நல்லதண்ணி வரும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தோண்ட அனுமதி இல்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த அனுமதியும், வளையம் கட்டக் கொஞ்சம் சீமெந்தும்.

இந்த நிலையில்தான் அரசாங்கத்தின் கிராமத் தலைமைக்காரரான விதானையார் சைக்கிளை மணலில் உருட்டிக்கொண்டு வந்து, அடுத்த கிழமை ஓர் அதிகாரி வருகிறார், ஊரின் எதிர்காலத்துக்கு என்னென்ன தேவை என்று நீங்களே தீர்மானித்து எழுதி வையுங்கள் என்றார். நாங்களேயா என்று இரண்டு மூன்று பேர் திருப்பிக் கேட்டார்கள். நாங்களேதான்.

மூன்று நாள் பொழுதுபடும் நேரத்தில் வலை வைக்கும் வாடியில் கூட்டம் நடந்தது. கையெழுத்து நன்றாக இருந்தபடியால் கொப்பியும் பென்சிலும் என்னிடம் தரப்பட்டன. ஈர்க்கை வைத்து ஓரத்தில் நேராகக் கோடு போட்டு, ஒன்று, இரண்டு என்று இலக்கம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் வாயைத் திறந்தது சின்னம்மா. "எங்கட கரையைத் திருப்பித் தரச்சொல்லி எழுது, பிள்ளை."

நான் எழுதத் தொடங்கினேன். அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, என் கையைப் பிடித்தார்.

"அதைக் கேட்டா மற்றதும் வராது," என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. சின்னம்மாவும்தான். ஆகவே முதலாவது விருப்பம் பட்டியலில் இல்லை.

பிறகு கிணறு. அதில் வாக்குவாதம் எதுவும் இல்லை. பிறகு பள்ளிக்கூடம், மருத்துவிச்சி, தோணி இழுக்கத் துறை, சுடலைக்கு ஒரு துண்டு நிலம். சுடலை களப்புப் பக்கமா கடல் பக்கமா என்று ஒரு பின்னேரம் முழுவதும் சண்டை. ஒருவர் தன் மகளின் கலியாணத்துக்கு முன் யுத்தம் முடிய வேண்டும் என்றார். அதையும் எழுதிவிட்டேன்.

"அதை வெட்டு," என்றார் மாமா. "அது அவரின்ர கையில இல்லை."

"அப்ப ஆற்ற கையில இருக்கு?"

"எனக்கெண்டாலும் தெரியாது மச்சான். நீ மாப்பிள்ளையை முதல்ல பார்."

மூன்றாம் நாள் பட்டியல் பதினான்கில் நின்றது. அப்போது மாமா தன் யோசனையைச் சொன்னார். கடதாசி போதாது என்பது அவருடைய கட்சி.

"கடதாசியை அவர் பெட்டிக்குள்ள வைப்பார். சவர்த் தண்ணியெண்டா வயித்துக்குள்ள போகும். வெயிலுக்குள்ளால வருவார். வந்த உடன ஒரு கிளாஸ். தேத்தண்ணி வேண்டாம், சீனி வேண்டாம், தேசிக்காய் வேண்டாம். எங்கட கிணத்துத் தண்ணி, அப்பிடியே."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"வீடு தேடி வாறவருக்குச் சவர்த் தண்ணியோ அண்ணன்? வெட்கமில்லையோ?"

"குடிச்சாத்தான் விளங்கும் தங்கச்சி."

"ரண்டு வருஷமா நாங்கள் குடிக்கிறம். ஆருக்கு விளங்கினது?"

"அதுதான் சொல்லுறன். எங்கட வாய் வேற, அவரின்ர வாய் வேற."

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு எழும்பினார். நானாவின் குடத்துக்கு நேரமாகியிருந்தது.

அதிகாரி வந்தது தைப்பொங்கல் கழிந்த ஒரு நாள். ஜீப் மணலில் புதைந்து, அரை மைல் நடந்து வந்தார். நாங்கள் பயந்திருந்த மாதிரி இல்லை. இளம் வயது, தமிழர், மெல்லிய குரல். எங்கள் வீடு வாடிக்குப் பக்கத்தில் இருந்தபடியால் எங்கள் முற்றத்தில்தான் கதிரை போடப்பட்டிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நிற்கிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்தால்தான் தானும் உட்காருவேன் என்றார். எங்களிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. யுத்தம் என்றைக்கோ ஒருநாள் முடியும், முடிந்த பிறகு ஊர்களை மேலிருந்து யாரோ போடும் திட்டப்படி அமைக்கக் கூடாது, அங்கே வாழ்கிறவர்கள் சொல்ல வேண்டும் என்றார். வார்த்தைகள் எனக்குப் பாதி விளங்கின. அவர் அதை நம்பிச் சொன்னார் என்பது முழுதாக விளங்கியது.

கொப்பியை வாங்கிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இது யாருடைய எழுத்து?" என்று கேட்டார்.

யாரோ என்னை முதுகில் தள்ளிவிட்டார்கள்.

"எங்கள் அலுவலகத்தில் இவ்வளவு நேராகக் கோடு போட ஆளில்லை," என்றார். "நீ படிக்க வேண்டும், தெரியுமா?"

முப்பத்தெட்டு வீட்டாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது சூடாகியது. அந்த நேரம் பார்த்துத்தான் மாமா தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, ஐயாவுக்குத் தண்ணி கொண்டு வா."

குசினியில் இரண்டு தண்ணீரும் இருந்தன. வாளியில் சவர்த் தண்ணி. மூலையில், மண் குவித்து அதன்மேல் வைத்த பானையில், அம்மா அன்று காலையில் கொண்டுவந்த நல்லதண்ணி. நானாவிடம் இரவல் வாங்கிய கிளாஸ் பலகையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. முதலில் மாமா சொன்னபடிதான் செய்தேன். வாளியில் மொண்டேன். கிளாஸை வாசல் வெளிச்சத்தில் பிடித்தபோது அதற்கு அப்பால் அவர் லேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கொப்பி இன்னும் அவருடைய மடியில் திறந்தபடி இருந்தது. நான் தண்ணீரைத் திரும்ப வாளிக்குள் ஊற்றினேன். பானையின் மூடியைத் திறந்தேன்.

அவர் ஒரே மூச்சில் குடித்தார். கரைவலையின் மிதப்பைப் பார்ப்பது போல மாமா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுளிக்கவில்லை.

"நல்ல தண்ணீர்," என்றார் அதிகாரி. "இன்னொரு கிளாஸ் கிடைக்குமா?"

கொண்டுவந்து கொடுத்தேன். அதையும் குடித்தார். பின்னால் யாரோ, "இவருக்கு நாக்கில்லையோ?" என்று மெதுவாகக் கேட்பது எனக்குக் கேட்டது.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, இந்தத் தண்ணி உங்களுக்குச் சவராத் தெரியேல்லையோ?"

"இல்லையே. வருகிற வழியில் குடித்த எல்லாவற்றையும்விட இதுதான் நன்றாக இருக்கிறது."

"கிணத்தடிக்கு வந்து ஒருக்காப் பாருங்கோ ஐயா."

"அதுதான் குடித்துப் பார்த்துவிட்டேனே," என்று சிரித்தார். தண்ணீருக்கே வழியில்லாத இடங்கள் இன்னும் மூன்றுக்கு இன்று போக வேண்டும் என்று மணிக்கூட்டைப் பார்த்தார். பட்டியலில் முதலாவது இலக்கத்துக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டு சொல் எழுதினார். கொப்பியிலிருந்து அந்தத் தாளைப் பக்குவமாகக் கிழித்து எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஜீப்பைத் தள்ளிவிட்டு வந்த மாமா நேரே குசினிக்குள் போய், வாளியில் ஒரு கை அள்ளிக் குடித்து, துப்பினார். "சவர்தான்! கொழும்பில என்னத்தைக் குடிச்சு வளர்ந்தவரோ!" அதன் பிறகு பல வருடம், ருசி தெரியாத ஆட்களுக்கு எங்கள் ஊரில் 'ஐயா' என்று பெயர்.

எல்லோரும் போன பிறகு அம்மா பானையின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மூடினார். என்னைப் பார்க்கவில்லை. குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு மாலைத் தண்ணீருக்குப் புறப்பட்டார். நான் பின்னால் போனேன். போகும்போதும் வரும்போதும் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி பங்குனியில் பிறந்தான். அம்மா பதினேழாம் நாள் மறுபடி குடம் எடுத்தார். யுத்தம் முடிந்தது. எங்கள் பழைய கரை திரும்பி வரவில்லை. திட்டுக்கு ஒரு கல் ரோட்டும் கிடுகுக் கூரையுடன் ஒரு பள்ளிக்கூடமும் வந்தன. கிணறு வரவில்லை. ஏன் வரவில்லை என்பது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்று பதினொரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு முறையும் நினைத்தேன்.

நான் படித்தேன். இப்போது நிலப்படங்களைப் படியெடுக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. பழைய படங்கள் பூச்சி அரித்துக் கிழிந்துபோவதற்கு முன் மெல்லிய துணியில் மையால் திருப்பி வரைய வேண்டும். போன வருடம் ஒரு கட்டுக்குள் ஆறாவது படமாக எங்கள் திட்டு வந்தது. களப்பின் வளைவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. 'யுத்தத்துக்குப் பிந்திய அமைப்பு' என்று தலைப்பு. கல் ரோடு, பள்ளிக்கூடம், விளையாட்டு மைதானம். மேற்குக் காணி வெறுமையாக இருந்தது. நீர் என்ற இடத்தில், உள்ளதே போதும் என்று குறிப்பு. வேறு யாரோ ஒருவருடைய கையொப்பம். அதற்குக் கீழே தேதி: ஒக்டோபர்.

அவர் எங்களிடம் வந்தது அடுத்த தை மாதம்.

இரண்டு தடவை சரிபார்த்தேன். வரைந்து முடித்துக் கையொப்பமும் வைத்த படம். அதற்குப் பிறகுதான் ஒருவர் வெயிலில் அரை மைல் நடந்து வந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று எங்களைக் கேட்டிருக்கிறார். படம் முடிந்துவிட்டது அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்கு வாளித் தண்ணீரைக் குடித்துத் துப்பியிருந்தாலும் படம் அதேதான்.

அன்று மாலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிளாஸ், வாளி, பானை, தேதி, ஒன்றும் விடவில்லை. அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்தவில்லை.

"அப்ப அண்டைக்கு நான் சுமந்துகொண்டு வந்த நல்லதண்ணியில ரண்டு கிளாஸ் வீணாப் போச்சு," என்றார்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"பானை குறைஞ்சது தெரியாதே?" அடுத்த மீனை எடுத்துக்கொண்டு, "மாமாவுக்குச் சொல்லாத. அந்த மனுசனுக்கு நாக்கில்லையெண்டு சொல்லிச் சொல்லியே அவர் ஆறினவர்," என்றார்.

கேட்கிறார்கள் என்றால் இன்னும் தீர்மானிக்கவில்லை என்று பத்து வயதில் நினைத்தேன். வாடியில் மூன்று பின்னேரம் உட்கார்ந்திருந்த பெரியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள் என்பதால், அந்த வயதை மட்டும் குறை சொல்ல ஏலாது.

மேற்குக் காணியில் இன்னும் கிணறு இல்லை. அனுமதி கேட்டு இந்த வருடம் இரண்டு கடிதம் எழுதினேன். முதலாவதற்கு, கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது. இரண்டாவதற்கு இன்னும் வரவில்லை. காலைத் தண்ணீருக்கு அம்மா போகிறார். மாலையில் வேலை முடிந்து வந்து நான் போகிறேன்.