பாக்கெட் தீனியும் பால்சோறும்

சாப்பிட்டதெல்லாம் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்த என் கறுப்பு நாயைத் தூக்கிக்கொண்டு மாட்டுங்காவில் இருக்கும் டாக்டரம்மாவிடம் ஓடினேன். குடல் வீங்கியிருக்கிறது என்றார். அவர் அலமாரியில் வயிறு கெட்ட நாய்களுக்கென்றே மூன்று வகைத் தீனி இருந்தது. ஒன்று கொழுப்பு குறைந்தது, இன்னொன்று நார் மிகுந்தது. மூன்றாவதில் புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்துச் சேர்த்திருக்கிறார்களாம், நோஞ்சான் குடலும் ஏற்றுக்கொள்ளுமாம். அதையே வாங்கினேன். இதைத் தவிர வேறெதுவும் வாயில் படக்கூடாது, பால் கூடவே கூடாது என்று இந்தியில் அழுத்திச் சொன்னார்.

நான் வேலைக்குப் போகிறவள். தாராவியில் எங்கள் மாடியிலேயே எதிர் வீட்டுக்காரியிடம் என் வீட்டுச் சாவி ஒன்று இருக்கும். மதியம் அவள்தான் நாயைக் கீழே கூட்டிப்போவாள். என்னைவிட இளையவள், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அவள் புருஷன் கிட்னி கெட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். அந்தக் கவலையிலும் என் நாயைப் பார்த்துக்கொண்டாளே, மகராசி.

முதலில் நல்ல குணம் தெரிந்தது. அது கெட்டியாக வெளிக்குப் போன அன்று, சிரிக்காதீர்கள், தெருவில் நின்று கைதட்டினேன். பிறகு மறுபடியும் தண்ணீர். தீனி சேரவில்லை போலிருக்கிறது என்று மற்ற வகைகளுக்கு மாற்றினோம். அதற்கும் கேட்கவில்லை. வீட்டில் யாராவது வேறு ஏதாவது கொடுக்கிறார்களா என்றார் டாக்டரம்மா. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். என் வீட்டில் நானும் இதுவும்தான் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன். விலா எலும்பெல்லாம் தெரிய ஆரம்பித்தது.

மழையில் ரயில் நின்றுபோய் நான் பாதியில் திரும்பிய ஒரு மதியம், எதிர் வீட்டுக்காரி என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து நாய்க்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தில் பால்சோறு, வெல்லம் போட்டு.

"ஏட்டி, என்னட்டி குடுக்க?"

அவள் பதறக்கூட இல்லை. "இன்னைக்குத் தேய்பிறை அஷ்டமிதானக்கா. கறுப்பு நாய்க்குச் சோறு வச்சா பைரவர் அவியளக் காப்பாத்துவாருன்னு வேண்டியிருக்கேன். அவிய ஆஸ்பத்திரில கெடக்கும்போது தெனமும் வச்சேன்."

"அதுக்கு என் புள்ளதான் கெடைச்சுதா? இந்த ஊர்ல வேற நாயே இல்லியா?" என்று கத்தினேன்.

"பால்சோறு வயித்துக்கு இதம்னுதானக்கா..." என்று அழுதாள். சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

மறுபடியும் அந்த மூன்றாவது தீனியையே வாங்கிவந்து வெந்நீரில் குழைத்து நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. டாக்டரம்மா ஊசி போட்டார், குளுகோஸ் ஏற்றினார். காலம் கடந்துவிட்டது என்று அவர் முகமே சொன்னது. ஒரு ராத்திரி முழுக்க வயிற்று வலியில் துடித்து, காலையில் என் மடியிலேயே அடங்கிப்போனது. பாவி மனசு இன்னும் ஆறவில்லை.

சில மாதம் கழித்து எதிர் வீட்டுக்காரருக்கு அவர் தங்கை கிட்னி கொடுத்தாள். ஆபரேஷன் முடிந்து தேறி வந்தவர், முகக்கவசத்தோடு பெண்டாட்டியுடன் என் வாசலில் கைகூப்பி நின்றார். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எக்கா, எங்க வீட்டுக்கு வந்த கண்டத்த ஒங்க புள்ள தன் மேல வாங்கிட்டுப் போயிட்டுக்கா. அது சாமிக்கா."

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். அது வயிற்று வலியில் துடித்துத்தான் செத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பின்னால் அந்த மனுஷன் உயிரோடு நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள வாங்க," என்றேன்.