கிரெய்க்குக்குக் கொடுத்த கோப்பை

கடல் கடந்து வந்து டண்டினொங்கில் நான் வேலைசெய்யும் கிடங்கில் காலை வணக்கமே ஒரு தினுசாக இருக்கும். "குட் மோர்னிங், ஸ்கவுண்ட்ரல்" என்பார்கள். வெள்ளைக்காரர், வியட்நாமியர், ஆப்கானியர் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சொல்லை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த புண்ணியவான் நான்தான். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த மாஸ்டர் கெட்டவர்களைத் தரம் பிரித்து வைத்திருந்தார். குழப்படிக்காரன் ராஸ்கல், முரடன் ரஃபியன், மனச்சாட்சி இல்லாதவன் ஸ்கவுண்ட்ரல். கடைசிச் சொல்லை அவர் வகுப்பில் யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. நானும் அதை வீணாக்காமல்தான் வைத்திருந்தேன்.

எங்களோடு பெட்டி கட்டும் ராணி அன்ரி சுணங்குகிறார் என்று, எங்கள் சூப்பர்வைசர் கிரெய்க் அவருடைய குதிக்காலில் தள்ளுவண்டியால் இடிப்பான். வேண்டுமென்றே, பல தடவை. தோல் உரிந்து நொண்டிக்கொண்டு நின்றார். அறுபதை நெருங்கும் மனுசி, நிரந்தர வேலையும் இல்லை. "தம்பி, எனக்கு இங்கிலீஷ் வராது. நீர் படிச்சனீர்தானே, மனேச்சரிட்டைச் சொல்லும்" என்றார்.

மனேஜரிடம் நடந்ததையெல்லாம் சொல்லி, "ஹீ இஸ் எ ஸ்கவுண்ட்ரல், சேர்" என்று முடித்தேன். இதற்குப் பிறகு அவன் தலைநிமிர முடியாது என்று உண்மையாகவே நம்பினேன். மனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சொல் அவ்வளவு பழசாம், அவருடைய பாட்டன்கூட அப்படிப் பேசியிருக்க மாட்டாராம். கிரெய்க்கைக் கூப்பிட்டுச் சொல்ல, அவனும் சிரித்து என் தோளில் தட்டினான். அன்ரியின் காலைப் பற்றி அதன்பிறகு ஒருவரும் பேசவில்லை. அடுத்த கிழமையிலிருந்து அன்ரியை வேலைக்குக் கூப்பிடவுமில்லை.

"அப்பா, நோபடி டோக்ஸ் லைக் தட்" என்றாள் மகள். "சேஃப்டி இன்சிடென்ட் எண்டு சொல்லியிருக்க வேணும். பயந்திருப்பினம்." ஒரு மனுசியின் காலை இடித்துப் புண்ணாக்குவதற்கு இந்த நாட்டில் அதுதான் பெயர். எரிச்சல்தான் வந்தது.

போன வெள்ளிக்கிழமை கிரெய்க்குக்குப் பதவி உயர்வு. ஸ்கவுண்ட்ரல் என்று பொறித்த தேநீர்க் கோப்பை ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். சொல்லுக்குச் சொந்தக்காரன் நான், நானே கொடுக்க வேண்டுமாம். சுவரில் அடித்து உடைக்கத்தான் நினைத்தேன். ஆனால், ஒற்றைக் கையால் கொடுப்பது மரியாதையில்லை என்று வளர்ந்த கைகள் இரண்டும் தாமாகச் சேர்ந்து அவன் முன்னே நீண்டன. வாய், "கொங்ராட்ஸ், மேட்" என்றது.