என் பெயரிலும் ஒரு கடன்

அபாயா தைக்கிறவளுக்கு ஊரில் பாதிப்பேர் கடன்காரர்தான். "பெருநாள் முடியட்டும் ராத்தா, தாறன்" என்று உடுப்பைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அடுத்த பெருநாளுக்குத்தான் வருவார்கள், அதுவும் புதுத் துணியோடு. வீட்டிலிருந்து தைக்கிறவர்களுக்கும் பலகாரம் சுட்டு விற்கிறவர்களுக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் நான் யாருக்கும் ஒரு சதம் பாக்கி வைத்ததில்லை. அதில் எனக்குப் பெரிய பெருமை.

எங்கள் சாய்ந்தமருதில் வீடு என்பது பெண்ணுக்குக் கொடுப்பது. பெண்பிள்ளைகளில் நான் மூத்தவள், கலியாணமானதிலிருந்து உம்மாவின் வீட்டில்தான் குடித்தனம். தங்கச்சி ஹஸ்னாவுக்கு மாப்பிள்ளை பேசியபோது அந்த வீடு அவளுக்கு என்று முடிவாயிற்று. பக்கத்து வெறும் வளவை உம்மா எனக்கு உறுதிப் பத்திரம் எழுதித் தந்தா. மாப்பிள்ளை கட்டாரிலிருந்து வர இரண்டு வருடம் இருந்தது. அதற்குள் அந்த வளவில் எனக்கு ஒரு கூரை எழும்ப வேண்டும்.

பிறக்காதவள்

மச்சான், அதாவது என் கணவர், அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். இருவருமாகக் கல்முனையில் ஒரு வங்கிக்குப் போனோம். அதன் இஸ்லாமியப் பிரிவில் வட்டி இல்லை. நமக்குத் தேவையானதை வங்கி வாங்கி, இலாபம் வைத்து நமக்கு விற்கும், நாம் தவணையில் கட்டலாம். அங்கே பரீனா என்றொரு பிள்ளை வேலை செய்தாள். வளவு என் பெயரில், மச்சானின் சம்பளமோ தனியாகப் போதாது, ஆகவே இருவரும் சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும் என்றாள்.

என் அடையாள அட்டை இலக்கத்தை அடித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சானுக்குக் கடன் வாங்கிக் கட்டிய கணக்குப் பக்கம் பக்கமாக வந்தது, எனக்கு ஒரு வரிகூட இல்லை. கடன் இல்லாவிட்டால் நல்லதுதானே என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்டேன். சீட்டுக்காசு ஒரு மாதம்கூடப் பிந்தாமல் கட்டியதையும் எடுத்துச் சொன்னேன். பரீனா பாவம்போலப் பார்த்தாள்.

"சீட்டெல்லாம் இதுக்குத் தெரியாது ராத்தா. இந்தக் கொம்பியூட்டரக் கேட்டா நீங்க இன்னும் பொறக்கயே இல்ல."

காக்காவின் நல்ல பெயர்

எனக்குத் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லொக் மெஷின் ஞாபகம் வந்தது. அதைத் தவணைக்கு எடுத்து ஒரு மாதமும் விடாமல் கட்டி முடித்தவள் நான். ஆனால் எடுக்கும்போது, சம்பளச் சீட்டு உள்ள ஆம்பிளையின் கையெழுத்துத்தான் வேண்டும் என்று கம்பனிக்காரர் பிடிவாதமாக நின்றார். மச்சான் அப்போது பயிற்சிக்காகக் கொழும்பில். அதனால் காக்கா, அதாவது என் அண்ணன், தன் பெயரில் எடுத்துக் கையெழுத்துப் போட்டார். நான் கண் நோகத் தைத்துக் கட்டிய காசெல்லாம் அவருடைய நல்ல பெயராகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதைக் காட்டி அவர் ஒரு லொறியும் எடுத்துவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே போய்க் கேட்டேன். காக்கா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"ஒன்ட காசுல எனக்கு நல்ல பேர் வந்தா நான் வேணாமெண்டா சொல்ற?"

இனி ஊசி வாங்கினாலும் என் பெயரில்தான் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

கெட்டிக்காரி

பரீனா ஒரு வழி சொன்னாள். வங்கி எனக்கு அபாயாத் துணி வாங்கித் தரும், நான் ஒரு வருடம் தவணை கட்டினால் அந்தத் திரையில் என் பெயரும் வரும். துணி வந்தது. நோன்பு மாதம் இரவு பகலாகத் தைத்தேன், கை நிறையக் காசு சேர்ந்தது. ஆனால் கடனோடு கண்மூடி மௌத்தாகிவிட்டால் மறுமையில் என்ன கதி என்று தொழுகைப் பாயிலும் அதே நினைப்பு. பெருநாள் முடிந்த கையோடு வங்கிக்குப் போய் மிச்சத் தவணை எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கட்டிவிட்டேன். உம்மா சந்தோசத்தில் வட்டிலப்பம் அவித்தா.

அடுத்த கிழமை பரீனாவிடம் பெருமையாகச் சொல்லப் போனேன். அவள் தலையில் கை வைத்துவிட்டாள். ஒரு வருடம் நீள வேண்டிய கதை மூன்று மாதத்தில் முடிந்துபோயிருந்தது. அதை வைத்து மனேஜரிடம் பேச முடியாதாம்.

"ராத்தா, ஒங்களுக்குத் துணி தந்தது கடன முடிக்கிறதுக்கில்ல, மாசாமாசம் கட்டிக் காட்டுறதுக்கு."

அளவு நாடா

திரும்பவும் வங்கியில் துணி எடுத்து முதலிலிருந்து தொடங்கினேன். இதற்கிடையில் மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வந்தா. வந்தவ என் தையல் அறையில் நின்று, என் அளவு நாடாவையே எடுத்து, ஜன்னலோரம் கட்டில் போட இடம் அளந்தா. ஹஸ்னா குசினிக்குள் ஓடிப்போய் அழுதாள். தனக்குக் கலியாணமே வேண்டாம் என்றாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அந்த மனுசி நாடாவைச் சுருட்டி என் கையில் தந்துவிட்டுக் கேட்டா:

"நீங்க எப்ப புள்ள இந்த ஊட்ட உட்டு எழும்புற?"

வெள்ளத்தில் ஒரு தவணை

மாரி மழை அந்த வருடம் அடித்து ஊற்றியது. தவணைத் தேதியன்று பிரதான வீதியில் முழங்கால் தண்ணீர், ஓட்டோ ஒன்றும் ஓடவில்லை. ஒரு நாள் பிந்தினால் என்ன என்று மச்சான் கேட்டார். ஹஸ்னாவின் அழுகையை நான் மறக்கவில்லை. காசைப் பொலித்தீன் பையில் சுற்றி அபாயாவுக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். வேறு வழியில்லாமல் மச்சானும் குடையோடு பின்னால் வந்தார்.

வங்கி பூட்டிக் கிடந்தது. நல்லவேளை, வாசலில் காசு போடுகிற மெஷின் வேலை செய்தது. நனைந்த தாள்களை அது இரண்டுமுறை துப்பியது. முக்காட்டில் துடைத்துத் துடைத்துப் போட்டேன். காவலாளி நாற்காலியில் கால் தூக்கி வைத்துக்கொண்டு எங்களையே பார்த்திருந்தார்.

"காசு எடுக்கத்தான் வெள்ளத்துலயும் வருவாங்க. கட்ட வந்தவங்கள இண்டைக்குத்தான் காணுறன்."

பதினைந்து வருடம்

ஒரு வருடம் முழுதாக ஓடியது. பரீனா எங்கள் இருவரின் அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மச்சானின் மோட்டார் சைக்கிள் தவணை இரண்டு இடத்தில் பிந்தியிருந்தது. என்னுடையதில் ஒரு பிசகும் இல்லை. மச்சான் கூரையைப் பார்த்தார். மனேஜர் கேள்விகளை என்னிடமே கேட்டார். வீட்டுக்கு அனுமதி வந்தது. கலியாணத்துக்கு முன் இரண்டு அறையும் குசினியும் எழும்பிவிடும் என்று மேசனும் கணக்குச் சொன்னார்.

வீட்டுக்கு ஓடி வந்து உம்மாவிடம் சொன்னேன். ஹஸ்னா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். உம்மா இரண்டு கையையும் ஏந்தி அல்ஹம்துலில்லாஹ் என்றா. பிறகுதான் எத்தனை வருடத் தவணை என்று கேட்டா. பதினைந்து வருடம் என்றேன். உம்மாவின் கை மெல்லக் கீழே இறங்கியது. அந்தக் கையாலேயே என் தோளைத் தடவிச் சொன்னா:

"அதுவரைக்கும் நீ மௌத்தாகிப் போடாத புள்ள."

கடன் இல்லாமல் இருப்பது ஒரு பாடுமில்லை, நம்பிக் கடன் தரத்தக்கவள் என்று பெயர் எடுக்கத்தான் ஒரு பெண் இவ்வளவு நடக்க வேண்டியிருக்கிறது.