களாச் செடிமேல் போட்ட வலை

களாக்காயைக் காம்போடு கிள்ளினால் ஒரு சொட்டு வெள்ளைப் பால் கசியும். அது விரலில் பட்டுக் காய்ந்துவிட்டால் சோப்புப் போட்டாலும் போகாது, மண்ணைத் தொட்டால் மண் ஒட்டும், பாவாடையைத் தொட்டால் பாவாடை ஒட்டும். பதினோரு வயதில் என் பத்து விரல்களிலும் அந்தப் பிசுக்கு இருந்தது, அதையே பெரிய பெருமையாக நினைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டித் திரிந்தேன்.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருக்கிறது எங்கள் குப்பம். அங்கே முள் உள்ள எதையும் யாரும் வளர்ப்பதில்லை, ஏனென்றால் வீட்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் வலை காயும். ஆரம்பாக்கத்தில் சித்தி வீட்டு வேலியில் கறுத்துத் தொங்கிய களாப்பழத்தைத் தின்ற நாக்கு சும்மா இருக்கவில்லை. மூன்று கன்றுகளைப் பால் கவரில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். நைனாவோடு ஒரே வலையில் தொழில் செய்த ஏகாம்பரம் மாமா, "இன்னாய்யா, பொண்ணு முள்ளு பயிர் பண்ணப் போவுதா?" என்று கத்தினார். நைனா என்னைப் பார்த்து, "அடுப்படிக்குப் பின்னால வச்சுக்கோ. வலைப் பக்கம் ஒரு முள்ளு வந்துது, வெட்டிப் போட்ருவேன்" என்றார். உப்பு மண்ணில் இரண்டு கன்றுகள் கருகின. மூன்றாவதற்கு அரிசி கழுவின தண்ணீரை ஊற்றி ஊற்றி உயிர் கொடுத்தேன். மூன்றாம் வருடம் அது மல்லிகை போலப் பூத்தது, பிறகு ரோஸ் நிறத்தில் காய்த்துக் கறுக்கத் தொடங்கியது. உடனே மைனாக்கள் வந்துவிட்டன.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள், அதற்குப் 'பாடு' என்று பெயர். நம் முறை வரும் நாளில் போகாவிட்டால் அது போனதுதான், ஒரே வலையில் பங்குள்ள நாலு குடும்பத்துக்கும் அன்றைக்கு இறால் இல்லை. இன்னொரு கட்டுப்பாடும் எங்கள் குப்பத்தில் இருந்தது: பாடு வரும் நாளில் பெண்பிள்ளை வலையைத் தொடக்கூடாது. தொட்டது தெரிந்துவிட்டால், பிறகு வலை எப்போது வெறுமையாக வந்தாலும் அவள் பெயரைத்தான் இழுப்பார்கள், கல்யாணமாகிப் போன பிறகும் விடமாட்டார்கள்.

அப்படி எங்கள் பாடு வந்த ஒரு நாள் காலையில், பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில், மைனாவுக்குப் பயந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? கூரை இறவாணத்தில் மடித்துச் செருகியிருந்த வலைத்துண்டை உருவிச் செடிமேல் போர்த்திவிட்டேன். மீன்காரன் வீட்டுப் பிள்ளைக்கு எதைக் காப்பாற்ற வேண்டுமென்றாலும் வலைதான் தோன்றும். கண் பொடியாக இருந்ததால் மைனா மூக்கை விட முடியாது என்று மகிழ்ந்தேனே தவிர, அது 'மடி' என்பது உறைக்கவில்லை. சுத்துவலையின் கடைசியில் இறால் வந்து சேரும் பைதான் மடி. அது இல்லாத வலை அடி இல்லாத குடம்.

மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்தபோது வீடு தலைகீழாகக் கிடந்தது. நைனா பரணில் ஏறிச் சாமான்களைக் கீழே எறிந்துகொண்டிருந்தார். "ராத்திரிகூடப் பாத்தேனே, எங்கதான் போய்த் தொலஞ்சுது" என்று அம்மா புலம்பினாள். கரையிலிருந்து மாமாவின் குரல் வந்தது: "கெடச்சுதா இல்லியா? தண்ணி திரும்பிட்டா கழி ஊன முடியாதுய்யா, பேஜாராப் பூடும்!"

அவர்கள் தேடுவது எதை என்று அப்போதுதான் உறைத்தது. சத்தமில்லாமல் பின்பக்கம் ஓடி மடியைப் பிடித்து இழுத்தேன். களா முள் கவை கவையாக இருக்கும், குண்டூசியைவிடக் கூர்மை. ஒரு கண்ணை விடுவித்தால் அடுத்த கண்ணை வாங்கிக்கொண்டது. பதறி வெடுக்கென்று இழுத்தேன், கிழிந்தது. திரும்பினால் நைனா நின்றிருந்தார்.

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. அவர் குந்தி உட்கார்ந்து இரண்டு முள்ளை விடுவித்துப் பார்த்தார், வேலைக்காகாது என்று தெரிந்ததும் அரிவாளால் செடியை அடியோடு வெட்டிச் சாய்த்தார். பழமும் காயும் மணலில் கொட்டின. பிறகு கிளை கிளையாக நறுக்கி வலையை உருவினார். பால் பட்டு மடி பிசுபிசுத்தது, அவர் கையெல்லாம் ரத்தம். நானும் கை வைக்கப்போனேன், "தொடாதே" என்று பல்லைக் கடித்தார்.

அதற்குள் மாமாவே வந்துவிட்டார். முள்ளில் கிடந்த வலையைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை. "எவன்யா இத்த இங்க போட்டது?"

நான் வாயைத் திறந்தேன். நைனா நிமிராமலே, "நான்தான். காலைல காயப்போட்டேன். ஏதோ நெனப்பு" என்றார்.

"முள்ளு மேலயா? பொறந்ததுலேர்ந்து வலை புடிக்கிறவன் முள்ளு மேலயா காயப்போடுவான்? த்தூ!" என்று துப்பிவிட்டு மாமாவும் உட்கார்ந்து பிரித்தார். கிழிசலைப் படகில் வைத்தே முடிந்துகொள்ளலாம் என்று ஓடினார்கள். தண்ணீர் திரும்புவதற்குள் கழி ஊன்றி வலை கட்டிவிட்டார்கள் என்று அம்மாவுக்குச் சேதி வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பாடு தப்பியது, நைனாவின் பெயர் தப்பவில்லை. அன்றிலிருந்து அவர் குப்பத்துக்கே 'முள்ளு' ஆகிவிட்டார். "முள்ளு, வலைய எங்க காயப்போட்ட?" என்று கேட்காமல் யாரும் அவரைத் தாண்டிப் போனதில்லை. என் கல்யாணப் பந்தியில் மாமா அதைச் சொல்லி மாப்பிள்ளை வீட்டாரைச் சிரிக்கவைத்தார், நைனாவும் கூடச் சிரித்தார். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்கங்கெட்டவள்.

இப்போது பொன்னேரியில் இருக்கிறேன். செடி இருந்த இடத்தில் சிமெண்டுச் சந்து போட்டுவிட்டார்கள். ஏகாம்பரம் மாமா போய்விட்டார், அந்தப் படகில் போன மற்ற இருவரும் போய்விட்டார்கள், போன மாசியில் நைனாவும் போய்விட்டார். எடுக்கும்போதுகூட யாரோ ஒரு கிழவர் அழுகைக்கு நடுவே, "நம்ம முள்ளு போறாண்டா" என்றார். அப்போதும் என் வாய் திறக்கவில்லை. இனி யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல்தான் முன்பின் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்: அந்த மடியை முள்ளில் போட்டவள் நான். எங்கள் நைனாவுக்கு வலை காயப்போடத் தெரியும்.