மூன்று பெட்டிகளும் முப்பது நாளும்

"திங்கள், பின்னேரம் நாலேகால். முதலாவது: கெதியாய்த் திறக்குது, இடம் குறைவு. இரண்டாவது: தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாய் வருது. மூன்றாவது: இடம் கூட, படமும் வரும். முப்பது நாள்."

பன்னிரண்டு வயதில் நான் பென்சிலால் எழுதிய இந்தக் குறிப்பில் கிழமையும் நேரமும் இருக்கின்றன, ஆண்டு இல்லை. சமாதானப் பேச்சு நடந்த காலம் என்று மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம். கொப்பியை விரித்தால் இன்னமும் லேசாகக் கருவாடு மணக்கும்.

வெளிநாடு போகப் புறப்பட்டு இடைவழியில் நின்றிருந்த அண்ணன், மன்னார் நகரத்துத் தொலைத்தொடர்புக் கடைக்கு அழைப்பெடுத்து, இலவச மின்னஞ்சல் ஒன்று திறந்து வைக்கும்படியும் அடுத்த கிழமை எடுக்கும்போது விலாசம் சொல்லும்படியும் சொன்னான். தபால் உறையில் அவன் பெயர் பல கை மாறுவதை அம்மா விரும்பவில்லை. வீட்டில் ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால், பள்ளிமுனையிலிருந்து தினமும் நடந்து போய் மூன்று சேவைகளை ஒப்பிட்டேன். அவற்றை எல்லோரும் "பெட்டி" என்றே சொன்னோம்.

"என்னடி பிள்ளை, மாப்பிள்ளை பாக்கிற மாதிரி மூண்டையும் பாக்கிறாய்? ஒண்டைத் திறவன்," என்று கடைக்கார ரீற்றா அக்கா கேலி செய்தார்.

மூன்றாவது பெட்டியின் விதிகளில், முப்பது நாள் திறவாமல் விட்டால் உள்ளதெல்லாம் அழிக்கப்படும், புதிதாக வருவதும் திருப்பி அனுப்பப்படும் என்றிருந்தது. அகராதி வைத்து வாசித்து, விளங்கித்தான் கொப்பியில் குறித்தேன். ஆனால் அப்பாவுக்குக் குறிப்பை வாசித்துக் காட்டியபோது கடைசி இரண்டு சொற்களை விட்டுவிட்டேன். சொன்னால் அவர் முதலாவதைத் திறக்கச் சொல்லியிருப்பார். எனக்கு அண்ணனின் படம் வேண்டியிருந்தது.

"அவன்ர கடிதம் பத்திரமாய்க் கிடக்குமோ? அதை மட்டும் சொல்லு."

"ஓம் அப்பா, கிடக்கும்." மூன்றாவதையே திறந்து, அண்ணன் எடுத்தபோது அந்த விலாசத்தைச் சொன்னோம்.

கடிதங்கள் இரண்டு வந்தன. முதலாவதில் படமும் இருந்தது: தொப்பி போட்டுக்கொண்டு, மெலிந்து, சிரித்தபடி. இரண்டாவதில், தொலைபேசி எண்கள் இருந்த பை தொலைந்துவிட்டதென்றும், இனித் தன்னிடம் இருப்பது எங்கள் பெட்டியின் விலாசம் மட்டும்தான் என்றும், தான் எழுதுவது வேறொருவரின் பெட்டியிலிருந்து, அதற்குப் பதில் போடவேண்டாம் என்றும், போய்ச் சேர்ந்ததும் இருக்குமிடத்தை எழுதுவதாகவும் சொல்லியிருந்தான்.

அதற்கிடையில் காற்று மாறியது. காற்று மாறினால் எங்கள் ஆட்கள் சட்டி பானையோடு, பிள்ளைகளோடு அடுத்த கரைக்குப் போய் ஓலைக் கொட்டில் போட்டு மீன்பிடிப்பார்கள்; அதுதான் "வாடி". அந்த முறை தலைமன்னார்ப் பக்கம் போட்டோம். அங்கே அப்படியொரு கடையில்லை. ரீற்றா அக்காவிடம் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டு வந்திருந்தால் அவர் திறந்து பார்த்திருப்பார், ஆனால் "ஒருத்தருக்கும் வாய் திறக்கக்கூடாது" என்று அம்மா கட்டளையிட்டிருந்தார்.

பெட்டியைக் கடைசியாகத் திறந்த நாளிலிருந்து கொப்பியின் பின்னட்டையில் நாளுக்கொரு கோடு போட்டேன். இருபத்தெட்டாவது கோடு போட்ட அன்று, "அப்பா, ஒருக்கா டவுனுக்குப் போவமே?" என்று கேட்டேன்.

"உனக்கென்ன விசரே? மீன் படுற நேரத்தில ஆர் வலையை விட்டிட்டு வாறது? பெட்டி எங்கையும் ஓடாது."

ஏன் போகவேண்டும் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் மறைத்ததும் வெளிவரும். கருவாடு புரட்டப் போனேன்.

நாற்பத்திரண்டாம் நாள் திரும்பினோம். பெட்டி திறந்தது, ஒன்றுமில்லை, படமும் இல்லை. புதிதாக ஒன்றும் வரவில்லை என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன். "இன்னும் எழுதேல்லைப் போல," என்றார் அப்பா. நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு சண்டை மீண்டும் தொடங்கியது, நாங்கள் இடம்பெயர்ந்தோம், அண்ணனிடமிருந்து எதுவும் வரவில்லை. அப்பா சாகும்வரை "எழுதேல்லை" என்று அவனைத்தான் குறைசொன்னார்.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். மூன்றாவது பெட்டியை நடத்தியவர்களும் சேவையை நிறுத்திவிட்டார்கள். கேட்டு எழுதுவதற்கு ஒரு விலாசம்கூட இல்லை. அம்மா மட்டும் என் கைப்பேசி சத்தமிட்டால், "அவனோ?" என்று கேட்கிறார். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

பின்னட்டைக் கோடுகளை மறுபடி எண்ணிப் பார்த்தேன், நாற்பத்திரண்டு சரி. முப்பதாவது கோட்டுக்குப் பின்னான பன்னிரண்டு நாட்களில் அண்ணனின் கடிதம் வந்து திருப்பி அனுப்பப்பட்டதா, அல்லது அவன் எழுதவே இல்லையா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.