பத்துப் பழைய போல்ட்டுகள்

வவுனியாவில் மூன்று நாள் ஆசிரியர் செயலமர்வை முடித்துக்கொண்டு கண்டாவளை வீட்டுக்குத் திரும்பிக் குசினிக் கதவைத் திறந்தபோது, என் காரின் எஞ்சின் சாப்பாட்டு மேசையில் இருந்தது. முழுதாக அல்ல, கழற்றிப் பரப்பப்பட்டு. நாங்கள் கோப்பை வைத்துச் சோறு உண்ணும் இடத்தில் நான்கு பிஸ்டன்கள் வரிசையாக நின்றன. அவற்றின் கீழே என் பழைய பருத்திச் சேலை விரிக்கப்பட்டிருந்தது. உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில், பெரிய நத்தையைப் போலச் சுருண்ட ஓர் இரும்பு. கையிலிருந்த பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன்.

"ஒயில் மாத்தப் போறன் எண்டெல்லோ சொன்னனீ?"

"ஒயிலும் மாத்தத்தான் போறன், அக்கா" என்றான் தம்பி, தலையை நிமிர்த்தாமல்.

அந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. நான் கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். நாற்பதைக் கடந்த தம்பி, வயல்காரர்களின் நீரிறைக்கும் இயந்திரங்களைத் திருத்துகிறான். கார் என்னுடையது: முன்சில்லுகளால் இழுத்தோடும் சிறிய ஜப்பான் கார். ஐந்து ஆண்டுகள் என்னை ஒருநாளும் வழியில் விடாதது.

அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து அவன் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. இன்னும் சோறு போடவா என்றால், "இருந்தால் போடுங்கோ" என்பான். தீபாவளிக்குச் சட்டை எடுக்கவா என்றால், "இருக்கிறதே காணும், போதும்" என்பான். கோபமில்லை, துயரமுமில்லை, ஒரு கதவைச் சாத்திவிட்டுப் பூட்டாமல் விட்டவனைப் போல இருந்தான்.

அன்று அவன் அந்த நத்தையைக் கையிலெடுத்து விளக்கினான். அதுதான் டேர்போவாம். எஞ்சின் கழிக்கும் புகையின் விசையிலேயே சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை நெருக்கித் திணிக்குமாம். என் காரிலிருந்தது சிறியது, இது பெரியது. திணிக்கும் காற்று கூடினால் பழைய பிஸ்டன்கள் தாங்கா. ஆகவே உள்ளே இருப்பவற்றையும் பலமானவையாக மாற்ற வேண்டும்.

"ஏன் தம்பி இதெல்லாம்?"

"தெற்கில ஒரு பழைய விமான ஓடுபாதையில கால் மைல் ஓட்டம் வைக்கினம். பேர் குடுத்திட்டன். எனக்கு அதில ஒருக்கா ஓட வேணும், அக்கா."

மேசையைக் கண்டு வந்த அதிர்ச்சியைவிட அந்த 'வேணும்' தந்த அதிர்ச்சி பெரிது. பையை நிலத்தில் வைத்துவிட்டேன். அன்றிரவு இருவரும் மடியில் கோப்பையை வைத்து உண்டோம்.

அவனுக்குத் துணையாக வந்தவர் கிளிநொச்சியில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக். சிறுவயதில் பெற்றோருடன் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். அந்தப் பேச்சு இன்னும் அவர் நாவில் இருக்கிறது. யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது தொழில் படித்தவர் அவர். அப்போது வன்னியில் நாங்கள் எல்லாரும் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். வளைந்த ஆணியைத் தட்டி நிமிர்த்தினோம். ஒரு நட்டும் எறியப்படவில்லை. எல்லார் வீட்டிலும் வெறும் பால்மாத் தகரப் பேணியொன்றில் பழைய நட்டும் போல்ட்டும் சேர்ந்திருக்கும். எங்கள் வீட்டுப் பேணி இன்றும் குசினித் தட்டில் சீனிப் பேணிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

புதிய பொருட்களோடு ஓர் ஆங்கிலத் தாள் வந்திருந்தது. எட்டுப் பக்கம். அதை வாசித்துத் தமிழில் சொல்வது என் வேலையாயிற்று. தம்பி வேலை செய்யும் பின்வளவுக் கொட்டிலில் ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன், அவர்கள் செய்தார்கள். ஆறாம் பக்கத்தில், எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைப் பூட்டும் இடத்தில், ஒரு வரி இருந்தது: ஒருமுறை இறுக்கிய போல்ட்டுகளை மறுபடி பூட்ட வேண்டாம், புதியவற்றை வாங்கவும்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கழற்றியெடுத்த பத்துப் போல்ட்டுகளும் மண்ணெண்ணெயில் கழுவப்பட்டு, மழையில் நனைந்த கல்லைப் போல மினுங்கிக்கொண்டிருந்தன. ஒரு கீறலும் இல்லை. விற்பவன் இன்னும் பத்தை விற்பதற்கு எழுதியிருக்கிறான் என்று எண்ணி, எனக்குள் சிரித்துக்கொண்டு, அடுத்த வரிக்குப் போனேன்.

"என்ன டீச்சர், சிரிக்கிறீங்க?" என்றார் மெக்கானிக்.

"ஒண்டுமில்லை. வியாபாரக் கதை."

புதிய பிஸ்டன்கள் தம் இடத்துக்குப் பழகும்வரை, ஆயிரம் கிலோமீற்றர் மெதுவாக ஓட்ட வேண்டும் என்று தாளில் இருந்தது. அதை வாசித்ததும் இருவரும் என்னையே பார்த்தார்கள்.

"அக்காவை விட்டால் ஆர் இருக்கினம்? அவா நாலாங் கியர் போடவே நாள் நட்சத்திரம் பாக்கிறவா" என்றான் தம்பி.

கண்டாவளைக்கும் கிளிநொச்சிக்குமாக அந்த ஆயிரத்தையும் நானே ஓட்டினேன். ஒருநாள் என் மாணவிகள் மூவர் சைக்கிளில் முந்திக்கொண்டு போனார்கள். "ரீச்சர், தள்ளிவிடவோ?" என்று ஒருத்தி கத்தினாள். தம்பி பக்கத்தில் அமர்ந்து காதைக் கொடுத்தபடியே வருவான். ஒலி சரியாக இருந்தால் பேசுவான். ஓடுபாதையில் பச்சை விளக்கு எப்படி எரியும், முன்சில்லு வண்டியில் புறப்படும்போது பாரம் பின்னால் சாய்ந்து முன்சில்லுகள் பிடியை இழப்பதை எப்படிச் சமாளிப்பது என்றெல்லாம் சொல்வான். பல வருடங்களில் பேசாததை அந்த ஆயிரம் கிலோமீற்றரில் பேசினான். தூரம் குறையக் குறைய எனக்குக் கவலையாகக்கூட இருந்தது.

ஆயிரம் முடிந்த சனிக்கிழமை காலையில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் நேர்வீதியில் நின்றோம். வீதியில் எவருமில்லை. ஓட்டத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

"மூண்டாவதில வைச்சு அமத்துங்கோ, அக்கா."

அக்சிலரேட்டரை அழுத்தினேன். ஓர் இமைப்பொழுது ஒன்றும் நிகழவில்லை. பிறகு விசில் போல ஓர் ஒலி எழுந்தது; யாரோ முன்னாலிருந்து கயிறு கட்டி இழுத்ததைப் போலக் கார் பாய்ந்தது. ஸ்டியரிங் என் கைகளைப் பறித்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பப் பார்த்தது. "அம்மாளாச்சி!" என்று கத்தினேன். வேகமானியின் முள் காட்டிய எண்ணை இங்கே எழுத மாட்டேன், பொலிசாரும் வாசிக்கக்கூடும். தம்பி சிரித்தான். வாயைத் திறந்து, சத்தமாக. அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

அதே சிரிப்பின் நடுவில் முன்மூடியின் விளிம்பிலிருந்து வெண்புகை எழுந்தது. வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. வயலோரமாக நிறுத்தினேன். ரேடியேட்டர்த் தண்ணீர் தார் வீதியில் வழிந்து, எங்கள் செருப்புகளை நனைத்தது.

கட்டியிழுத்துக் கொண்டுவந்து கொட்டிலில் திறந்தபோது, ஹெட்டின் கீழே கசிவை அடைக்கும் தகடான காஸ்கெட் இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே வெடித்திருந்தது. மெக்கானிக் ஒரு போல்ட்டைக் கழற்றி, கராஜிலிருந்து கொண்டுவந்த அதே வகைப் புதிய போல்ட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பழையது உயரமாக நின்றது. இறுக்கியபோது இழுபட்டு நீண்டிருக்கிறது. மறுபடி இறுக்கியபோது பிடிக்கும் வலுவை இழந்திருக்கிறது.

"என்ர பிழை. நான்தான் இறுக்கினனான்" என்றான் தம்பி. போல்ட் இறுக்கும் சாவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து உரச்சாக்கில் போடத் தொடங்கினான். "காணும், அக்கா. பழைய சாமானைப் பூட்டித் தாறன். உங்களுக்குப் பள்ளிக்கூடம் போக இருந்தால் சரி."

இருந்தால் சரி. அந்தச் சொற்கள் என்னை அடித்தன. வாக்கியத்தில் ஒரு சொல்லையும் விடாமல் வாசிக்க வேண்டுமென்று பிள்ளைகளைக் கண்டிப்பவள் நான். ஆறாம் பக்கத்தை எடுத்துவந்து, விட்ட வரியை வாசித்தேன்.

மெக்கானிக் பழைய போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க படிச்சிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், டீச்சர்" என்றார். "இதே போல்ட்ட அந்தக் காலத்துல நாலு எஞ்சின்ல போட்டிருக்கேன்."

"அது நீங்கள் கேளாமல் விடுறது, அண்ணை. இவா சொல்லாமல் விட்டவா" என்றான் தம்பி. அவன் குரலில் கோபம் இருந்தது. பல ஆண்டுகளில் அவன் என்மீது கொண்ட முதற் கோபம் அதுதான்; அதற்கு நான் தலைகுனிந்தேன். "இன்னும் என்னத்தை விட்டனீங்கள்?"

"தெரியாது, தம்பி. விடேல்லை எண்டு நினைக்கிறன்."

சாக்கைக் கீழே வைத்துவிட்டு எதிரில் குந்தினான்.

"முதலாம் பக்கத்திலயிருந்து வாசியுங்கோ. ஒண்டும் விடப்படாது."

வாசித்தேன். கண்ணாடி அணிந்து வேலை செய்க என்பதையும், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க என்பதையும்கூட. ஆறாம் பக்கம் வந்தபோது அவன் கையை உயர்த்தி நிறுத்தினான்.

"எழுதுங்கோ. பத்துப் புதுப் போல்ட் வேணும். காஸ்கெட் வேணும். ஹெட்டை வவுனியாவில குடுத்துச் சீவ வேணும்."

"பன்னிரண்டு நாளுக்குள்ள முடியுமோ?"

"முடியாட்டில் அடுத்த முறை. ஆனால் ஓட வேணும்."

தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது, குசினியிலிருந்து கலகலவென்று ஓர் ஓசை கேட்டது. மெக்கானிக் அந்தப் பத்துப் பழைய போல்ட்டுகளையும் கழுவித் துடைத்து, எங்கள் பால்மாப் பேணிக்குள் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம்.

"என்ன?" என்றார் அவர், கையை உதறியபடி.

தம்பி என்னிடமிருந்து பேனையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், பேணியின் மேல் ஏதோ எழுதிவிட்டு வந்தான். மறுநாள் காலையில் தேநீருக்குச் சீனி எடுக்கும்போதுதான் வாசித்தேன்: "கூரைத் தகரத்துக்கு மட்டும். அக்கா, இதை விடாமல் வாசிக்கவும்."