சித்தியின் வலக்கையும் என் தாளமும்

என் சித்தி கேக் கடையில் பெயர் எழுதுபவர். க்ரீம் நிரப்பிய கூம்பைப் பிழிந்து, ஊரார் மகிழ்ச்சிகளுக்கெல்லாம் எழுத்து வடிவம் தந்தவர். ‘வாழ்த்துகள்’ என்பதில் வரும் ழகரத்தின் சுழியை அவர் இழுக்கும் நேர்த்தியைக் காண வாடிக்கையாளர்கள் கண்ணாடிக்கு வெளியே நிற்பதுண்டு. சென்ற ஆண்டு வந்த பக்கவாதம் அவருடைய பேச்சைத் தொடாமல் வலக்கையை மட்டும் பிடித்துக்கொண்டது.

“வாயப் பிடிச்சிருந்தா உங்க சித்தப்பா சந்தோஷப்பட்டிருப்பாரு,” என்றார் சித்தி.

மழைக்காலம் முடியும்வரை அவருடைய இடத்துக்கு வேறு ஆள் எடுப்பதில்லை என்று முதலாளி சொல்லியிருந்தார். மழையோ குறையத் தொடங்கிவிட்டது. சித்தியின் கைக்குப் பயிற்சி தரும் பிசியோ அம்மா, தாம் நடத்தும் கூட்டு மேள வகுப்புக்கு அவரை அழைத்தார்.

“மேளம் அடிச்சா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்லல. ஆனா தாளம் காதுல விழுந்தா கை கொஞ்சம் தயாராகும், மனசும் லேசாகும். வந்து பாருங்க.”

தாள ஒலியும் மனநலமும் என்பது என் முதுநிலை ஆய்வேட்டின் பொருள். சித்தியை வகுப்புக்கு அழைத்துச் செல்ல நான் முன்வந்ததை வீட்டார் பாசம் என்று எடுத்துக்கொண்டனர், நானும் மறுக்கவில்லை. நாடித்துடிப்பை அளக்கும் பட்டையும் ஒலிப்பதிவுக் கருவியும் முனை சீவிய பென்சில்களுமாகப் போய் இறங்கினேன்.

அங்கே வேடிக்கை பார்ப்பவருக்கு இடமில்லை. என் மடியிலும் ஒரு மேளத்தை வைத்துவிட்டார்கள். தாளம் குறித்துக் கிடைத்த கட்டுரைகளையெல்லாம் படித்துவிட்ட எனக்குத் தாளம் அறவே வராது என்பது அன்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. அறை முழுவதும் ஒன்றாக அடித்து ஓய்ந்த பிறகு, பேருந்தைத் தவறவிட்டவன்போல என் கை மட்டும் பின்னால் ஓடிவரும். முடிவில் பித்தளைக் கிண்ணங்களை மெல்ல ஒலிக்கவிட்டு எல்லோரையும் கண்மூடச் சொன்னார்கள். பிறருடைய தளர்வு நிலையை அளக்க வந்த நான் குறட்டைவிட்டேன். ஒலிப்பதிவில் கிண்ணங்களைவிட அதுவே தெளிவாகக் கேட்கிறது.

சித்தி இடக்கையால் மட்டும் அடித்துவந்தார். வலக்கை மடியில் கிடந்தது. ஒருநாள் அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து நான் வழக்கம்போல் பிந்திக்கொண்டிருந்தேன். சித்தியின் பொறுமை தீர்ந்தது. இடக்கை தன் வேலையில் இருக்க, வலக்கை எழுந்து என் மேளத்தின்மேல் விழுந்தது.

“இங்கடா. இந்த இடத்துல அடிக்கணும்.”

எந்தக் கையால் அடித்தோம் என்பதை அவர் அதன் பிறகே கவனித்தார். பிசியோ அம்மா என் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டார்.

இதை ஆய்வின் வெற்றியாகக் கொள்ளாமல் தன்மான இழப்பாகக் கொண்ட நான், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்து ஓரளவு தேறினேன்.

“என்னடா, ஒழுங்கா அடிக்கிற?” என்றார் சித்தி கலவரத்துடன். “அப்புறம் நான் எதுக்குக் கையத் தூக்கணும்?”

“எனக்கும் மானம் இருக்குல்ல சித்தி.”

“இருக்கட்டும். வீட்டுல வச்சுட்டு வா.”

பழைய நிலைக்குத் திரும்பினேன். அதற்குப் பெரிய முயற்சி தேவைப்படவில்லை. முன்னேற்றத்துக்கான காரணிகளில் ‘ஆய்வாளரின் தாளமின்மை’ என்று நேர்மையாகச் சேர்த்தேன். வழிகாட்டிப் பேராசிரியர் அதை அடித்துவிட்டார்.

மழை நின்றதும் கடைக்குப் போனோம். முதலாளி ஒரு கேக்கை முன்னே நகர்த்தி, “வாழ்த்துகள்னு எழுதுங்கம்மா,” என்றார். கூம்பு நடுங்கியது. சித்தி திரும்பாமலே சொன்னார்: “மேசையத் தட்டுடா. உனக்கு வர்ற மாதிரியே.”

தட்டினேன். எரிச்சலில் அவர் உதடுகள் இறுகின, கை நகர்ந்தது. ழகரத்தின் சுழி மட்டும் கேக்கின் ஓரம் இறங்கி அட்டைவரை போய் நின்றது.

முதலாளி குனிந்து பார்த்தார். “வால் நீண்டுபோச்சே.”

“இவ்வளவு நாள் லீவுல இருந்துச்சு சார். கொஞ்சம் ஓடத்தான் செய்யும்.”

அவர் சிரிக்கவில்லை. “நாளையிலேர்ந்து சின்ன கேக் மட்டும் எழுதுங்க. பெருசு அப்புறம் பாக்கலாம்.” பிறகு என்னைப் பார்த்தார். “இந்தத் தம்பியும் தினம் வருவாரா?”

“வேணாம் சார்,” என்றார் சித்தி. “உள்ள வர்றவங்க ஓடிடுவாங்க. தட்டுறத போன்ல பதிஞ்சு வாங்கிக்கிறேன்.”